துணைக்குப் போனவர்கள்

இன்று காலை எங்கள் பள்ளிச் சாரணியர் எட்டுப் பேர் வடசேரியிலிருந்து திருவனந்தபுரம் முகாமுக்குப் புறப்படுவதாக இருந்தது.

பெண்பிள்ளைகளைத் துணையில்லாமல் அனுப்பக் கூடாதாம். ஆறு மாதம் அவர்களைப் பழக்கிய டீச்சர் நான் கூடப் போவது துணையில் சேராது. அப்பா, சித்தப்பா, தாய்மாமன் என்று ஓர் ஊர்வலமே வந்து, எங்களுக்கு முன்பாக ஏறி உட்கார்ந்துவிட்டது.

பஸ் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் மூட்டையும் கையுமாகக் கீழே நின்றார்கள்.

"பிள்ளைங்க அடுத்த வருஷம் போவட்டும், டீச்சர்" என்றார் ஜன்னலோரம் இருந்தவர், எட்டுப் பேரில் ஒருத்தியான தங்கத்தின் தாய்மாமன்.

"அப்போ நீங்க எதுக்குப் போறீய?"

"யாருமே போவல்லைன்னா நம்ம ஊருக்குக் கொறச்சலாக்கும்."

பஸ் நகர்ந்து, பத்தடியில் நின்றது. மாமன் தலையை நீட்டினார்.

"ஏட்டி தங்கம், நீ மட்டும் ஏறு. அங்க எங்களுக்குக் கஞ்சி காய்ச்ச ஆளு வேணும்லா?"

பயிற்சியின்போது கடற்கரைக் காற்றில் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டி, முப்பது பேருக்குப் பொங்கியவள் தங்கம். முகாமுக்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

"எனக்குச் சுட்டுப்போட்டாலும் கஞ்சி காய்ச்ச வராது, மாமா" என்றாள்.

பஸ் போய்விட்டது.

நாளை அங்கே கொடிக்கு முன்னால் மீசையும் தொப்பையுமாக ஒரு சாரணியர் வரிசை நிற்கும். திருவனந்தபுரத்தில் இருப்பவர்கள் பார்த்துவிட்டு எழுதுங்கள்: கஞ்சி கிடைத்ததா?