ஷிப்பிங் மிச்சம் பிடித்த பெட்டி

"உன் பேருக்கு வந்த பொட்டிய கஸ்டம்ஸ்ல புடிச்சி வச்சிக்கீறாங்களாம். நேர்ல வரச் சொல்லிக்கீது."

தபால்காரர் இதைத் தெருக்குழாயடியில் நின்று சொன்னார். ராயபுரத்தில் கஸ்டம்ஸ் என்ற சொல்லை அப்படிச் சத்தமாகச் சொல்லக் கூடாது. எங்கள் தெருவில் பாதி வீட்டுச் சோறு ஹார்பரில் இருந்து வந்தது. கஸ்டம்ஸில் பிடித்தால் என்ன அர்த்தம் என்று குடம் தூக்கும் பிள்ளைக்கும் தெரியும். யாரோ குழாயை மூடினார்கள். என் அப்பா, நைனா, ஹார்பரில் கிரேன் ஓட்டினார். உள்ளே போக அவரிடம் இருந்தது ஒரு பாஸ். வீட்டில் ஒருத்தன் பேரில் கஸ்டம்ஸ் கேஸ் என்றால் அந்தப் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. பாஸ் போனால் வேலை போனது.

அப்போது நான் காலேஜில் இருந்தேன். செஸ் பைத்தியம். தெருவுக்கொரு பிரவுசிங் சென்டர் முளைத்திருந்த காலம். தண்டையார்பேட்டை மாடியில் இருந்த எங்கள் கிளப்பில் சாவி கொடுக்கிற பழைய செஸ் கடிகாரங்கள்தான், இரண்டு ஆட்டக்காரருக்கும் தனித்தனியாக நேரம் காட்டுபவை. போட்டிகளிலோ டிஜிட்டல் வந்துவிட்டது. ஹாங்காங் கடை ஒன்றின் இணையப் பக்கத்தில் அதே டிஜிட்டல் கடிகாரத்தைப் பார்த்தேன். நம்பவே முடியாத விலை. துள்ளிக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போனால் 'ஷிப்பிங்' என்று ஒரு வரி, கடிகாரத்தைவிட இரண்டு மடங்கு! மூடிவிட்டேன். பக்கத்து சீட்டில் ஷூ பார்த்துக்கொண்டிருந்தவனும் அதே மாதிரி பக்கத்தில்தான் உச்சுக்கொட்டிவிட்டு எழுந்தான். விலையைப் பார்த்து உள்ளே போகிறோம், அனுப்புகிற கூலியைப் பார்த்து வெளியே ஓடிவருகிறோம்.

எனக்கு ஓட மனசில்லை. நோண்டினேன். கூலி எடைப்படிக்குத்தான், ஒரு படிக்குள் எத்தனை இருந்தாலும் ஒரே தொகை. ஒன்று வாங்கினால் கொள்ளை, கிளப்புக்கே சேர்த்து ஆறு வாங்கினால் ஆளுக்குக் கொஞ்சம்தான். ஆனால் ஆறும் சேர்ந்தால் எடை அடுத்த படிக்கு ஏறியது. கடைக்காரனுக்கு மெயில் போட்டேன்: அட்டைப்பெட்டி வேண்டாம், விளக்கத்தாள் வேண்டாம், மேல்கூட்டையும் கழற்றிவிடு, மரத்தில் இங்கேயே செய்துகொள்கிறோம். எடை இறங்கியது, கூலியும் இறங்கியது. அத்தை பையனின் கார்டில் பணம் கட்டினேன். என்னைவிடப் புத்திசாலி ராயபுரத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தபால்காரர் சொன்னது காதில் விழுந்ததும் நைனா பட்டப்பகலில் கதவைச் சாத்தினார்.

"எந்தக் கப்பல்ல வந்துச்சி?"

"கப்பல் இல்ல நைனா. ப்ளேன்ல வந்துது. ஷிப்பிங் மட்டும்..."

"ப்ளேன்ல வந்தா இன்னாத்துக்குடா ஷிப்பிங்கு? என்னிய கேணயன்னு நென்ச்சினுகீறியா?"

அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அந்த வாரம் தான் சரக்கு இறக்கிய கப்பல்களை ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"பொட்டில இன்னா கீது?"

"கடியாரம்."

"எத்தினி?"

"ஆறு."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு கைக்கு ஆறு கடியாரமா? வியாபாரம்னுதானடா எழுதுவான்!" சமையற்கட்டில் அம்மா கரண்டியைக் கீழே போட்டாள்.

வெளிநாட்டுத் தபால் ஆபீசுக்கு நைனாவும் வந்தார். பாஸை வீட்டிலேயே விட்டுவிட்டு, காக்கியைக் கழற்றிக் கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு. மேஜை மேல் பெட்டி பிரித்துக் கிடந்தது. மேலே கடைக்காரன் எழுதியிருந்தான்: டைமர் பாகங்கள். உள்ளே பார்த்தேன். கூடு இல்லாத கடிகாரம் கடிகாரம் மாதிரியே இல்லை. சிவப்பும் கறுப்புமாக ஒயர், பேட்டரி வைக்கும் குழி, எண் தெரிய ஒரு கண்ணாடி. அப்படி ஆறு. பேப்பரில் இந்த மாதிரிப் படம் எந்தச் செய்திக்குப் பக்கத்தில் வரும் என்று எனக்குத் தெரியும்.

"என்ன தம்பி இது?" மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரியின் குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"செஸ் கிளாக், மேடம்."

"செஸ் கிளாக் நான் பாத்திருக்கேன். இதுக்கு மூடி எங்க?"

"நான்தான் கழட்டச் சொன்னேன்."

"ஏன்?"

"ஷிப்பிங் கம்மியாவும்னு."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதிகாரி திரும்பிப் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்தார். அவர் எழுந்து வந்து வாசலை மறைத்தாற்போல நின்றார். ஒரு பேட்டரி கொடுங்கள், காட்டுகிறேன் என்றேன். சுவர்க் கடிகாரத்தில் இருந்து கழற்றித் தந்தார்கள். இரண்டு முறை தலைகீழாகப் போட்டேன். எண்கள் தெரிந்தன. குறைய ஆரம்பித்தன. நைனா என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"இன்னாடா கொறையுது?"

"டைம்தான் நைனா, விடு!" பித்தானை அழுத்தினேன். இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் ஓடியது. மறுபடி அழுத்தினேன். அந்த அதிகாரி தானே ஒருமுறை அழுத்திப் பார்த்தார். இன்னொருமுறையும்.

அப்புறம் நைனாவிடம் திரும்பினார். "நீங்க எங்க வேலை பாக்கறீங்க?"

'கூலி வேலை, அவ்ளோதான்னு சொல்லிடணும்' என்று நைனா பஸ்ஸில் என்னிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஹார்பர்ல, மேடம்."

அதிகாரி பேனாவை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது எழுதி முடித்திருந்தார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை. சுங்கத் தீர்வை கட்டச் சொன்னார்கள். ஷிப்பிங்கில் மிச்சம் பிடித்தது அத்தனையும் அங்கே போயிற்று. பெட்டியைத் தந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை நைனாவுக்குத் தெரியாமல் பின்னாலேயே ஹார்பர் கேட் வரைக்கும் போய், எதிர்ச் சாரி டீக்கடையில் நின்றேன். காவலாளி பாஸை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பினார். நைனாவை ஓரமாக நிற்கச் சொல்லிக் கை காட்டினார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். கன்டெய்னர் லாரி ஒன்று இடையில் வந்து மறைத்தது. லாரிக்கு வழி விடத்தான் ஒதுங்கச் சொல்லியிருக்கிறார் போல. அது போனபின் பார்த்தால் கேட்டில் நைனா இல்லை.

உள்ளேதான் போயிருப்பார் என்று புரிந்தது. இருந்தும், ஷிப்டு முடிந்து அவர் வெளியே வரும்வரை நான் காலேஜுக்குப் போகவில்லை.