மாமனார் காருக்கு வாங்கிய கோடு ரீடர்

நான் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்கள் சிரிக்கும்போது இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சிரிக்க அது உதவும். தங்கம் எது, சந்தனம் எது என்று தெரியாமல் ஒரு கடைக்காரருக்குத் தங்கத்தின் குணங்களைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். அதிலும் அந்தச் சந்தனத்தை வைத்த விரல் என்னுடையதுதான்.

தொண்ணூறுகளின் கடைசி. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார், பம்பாயிலிருந்த நண்பர் ஒருவரிடம் பழைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கிக் கல்லிடைக்குறிச்சிக்குக் கொண்டுவந்திருந்தார். அது தெருவுக்குள் திரும்பினால் எதிரே வருகிற சைக்கிள்காரர் இறங்கி, யார் வீட்டு வாசற்படியிலாவது ஏறி நின்றுகொள்ள வேண்டும். அப்பேர்ப்பட்ட வண்டியில் மாமா பெரும்பாலும் போனது அம்பாசமுத்திரத்துக்குக் கத்தரிக்காய் வாங்கத்தான். ஆனால் அவர் அதை வாங்கியதே ஒரு நினைப்பில். என் மனைவி அப்போது உண்டாகியிருந்தாள். வளைகாப்பு முடிந்ததும் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து மகளைத் தன் காரில், தானே ஓட்டி, பிரசவத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அதற்காகப் பின் சீட்டில் வைக்க ஒரு தலையணைகூடத் தைக்கக் கொடுத்து வாங்கியிருந்தார்.

ஆயுத பூஜை கழிந்து சில நாளில், ஓட்டுகிறவருக்கு எதிரே இன்ஜின் படம் போட்ட சின்ன விளக்கு ஒன்று எரிய ஆரம்பித்தது. மஞ்சள் விளக்கு. மஞ்சள்தானே, மங்கலம்தானே என்று மாமா கவலைப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை ஏற்றிக்கொண்டு சேரன்மகாதேவி வரை போய்வந்தார். வழி முழுக்க அவள் வயலையும் பார்க்கவில்லை, ஆற்றையும் பார்க்கவில்லை; விளக்கையே பார்த்திருக்கிறாள். இறங்கியதும் சொன்னாள்:

“இது அணையாம நான் இதுல ஏற மாட்டேம்ப்பா. அன்னைக்கு ஒரு வாடகைக் கார் பிடிச்சிருங்க.”

மாமா காரை ஒருமுறை சுற்றி வந்தார். ஆசையாக வளர்த்த நாயைப் பார்த்து யாரோ கடிக்குமா என்று கேட்டுவிட்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

திருநெல்வேலியில் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டினோம். இந்த வண்டி தன் கோளாறைத் தானே ஒரு எண்ணாகச் சொல்லுமாம். அந்த எண்ணைப் படிக்கக் கோடு ரீடர் என்று ஒரு கருவி வேண்டுமாம். மெட்ராஸுக்கு அனுப்பினால் படித்துத் தருவார்கள், ஆனால் வண்டி திரும்பி வருவதற்குள் பேரப்பிள்ளைக்குப் பெயரே வைத்துவிடலாம் என்றார். மாமாவின் முகம் இன்னும் தொங்கியது. அதைப் பார்க்கச் சகிக்காமல், அந்தக் கருவியை நானே வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்தக் காரின் கண்ணாடியை இறக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்கு அப்போது தெரியாது.

ஜங்ஷன் பக்கம் ஒரு மோட்டார் சாமான் கடை. கடை அண்ணாச்சியின் மருமகன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது இரண்டு கோடு ரீடர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதுவரை யாரும் வந்து கேட்கவில்லையாம். அண்ணாச்சி இரண்டையும் தூசி தட்டி மேசைமேல் வைத்தார். ஒன்று பிளாஸ்டிக், கால்குலேட்டர் அளவு. இன்னொன்று உலோகப் பெட்டி, முகப்பில் வரிசையாக விளக்குகள், அம்மிக் குழவி கனம். நான் கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பார்த்தேன். தேங்காய் வாங்குகிறவனைப் போலக் காதருகே ஆட்டியும் பார்த்தேன். எது நல்லது என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

“எனக்கு என்ன தெரியும் சார்வாள்? நீங்கதான படிச்சவங்க.”

இதைக் கேட்டபின் யோசிக்கவா முடியும்? பெரிய காருக்குப் பெரிய கருவி என்று கனமானதைக் கட்டச் சொல்லிவிட்டேன். கட்டும்போதுதான் அண்ணாச்சி வயரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதன் முனை பட்டையாக இருக்கிறது, அதன் முனை வட்டமாக இருக்கிறது, உங்கள் காரில் செருகுகிற இடம் எப்படி என்று கேட்டார். அப்படி ஓர் இடம் இருக்கும் என்பதே எனக்குப் புதிய செய்தி. கடை போனிலிருந்து மாமாவைக் கூப்பிட்டு, பானட்டைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க வந்தார்.

“மாப்ள, வட்டமா ஒண்ணு இருக்கு. மூடியத் தொறந்தா இட்லித் தட்டு கணக்கா உள்ள குழி குழியா இருக்கு. குழியெல்லாம் மஞ்ச மஞ்சேருன்னு இருக்கு.”

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணாச்சிக்கு விளக்கம் சொன்னேன். உயர்ந்த கம்பெனிக்காரர்கள் மின்சாரம் ஓடும் முனைகளுக்குத் தங்க முலாம் பூசுவார்கள். தங்கம் துருப்பிடிக்காது, காற்றோடும் சேராது, நீரோடும் சேராது, என் வகுப்பில் கடைசி பெஞ்சைப் போல எதிலும் ஒட்டாமல் இருக்கும். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார்.

“தங்கத்தையா வச்சிருக்கான்? அப்பம் காரைத் தெருவுல நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க சார்வாள்.”

மனசே இல்லாமல் குழவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வட்ட முனை கொண்ட சின்னதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சாயங்காலம் மாமா காரைக் கழுவித் துடைத்துத் தயாராக நின்றார். நான் செருகினேன். போகவில்லை. திருப்பிச் செருகினேன். போகவில்லை. கருவியைத் தப்பாக வாங்கிவிட்டேனோ என்று வியர்த்தது. மாமா டார்ச் அடித்தார். காபி கொண்டுவந்த அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “இது பூசைக்கு வச்ச சந்தனம்லா?” என்றார்.

நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஆயுத பூஜையன்று காருக்குப் பொட்டு வைக்கும் வேலையை மாமா மாப்பிள்ளை மரியாதையாக எனக்குக் கொடுத்திருந்தார். ஸ்டியரிங், சக்கரம், விளக்கு எல்லாம் முடித்தும் கிண்ணத்தில் சந்தனம் மிஞ்சியது. வீணாக்குவானேன் என்று பானட்டைத் திறந்தேன். கறுப்பு மூடிக்குள் அத்தனை குழிகளைக் கண்டதும் இதுதான் இன்ஜினுடைய கருவறை என்று எனக்குப் பட்டுவிட்டது. ஒரு குழி விடாமல் மோதிர விரலால் வைத்து, மூடியைத் திரும்பப் போட்டேன். விளக்கு எரிந்ததற்கே அதுதான் காரணமா என்று இன்றுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை.

மாமா கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய் வாரியலிலிருந்து நாலைந்து ஈர்க்குச்சி உருவிக்கொண்டு வந்து, எனக்கும் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் குனிந்துகொண்டார். இருவரும் குழி குழியாகச் சுரண்டினோம். கொஞ்ச நேரம் கழித்து, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

“பைய, மாப்ள, பைய. தங்கம் உதுந்திரப் போவுது.”

போனை நான் சரியாகப் பொத்தவில்லை போலிருக்கிறது.

சந்தனம் போனதும் கருவி சமர்த்தாக உட்கார்ந்து ஒரு எண்ணைக் காட்டியது. கூட வந்த புத்தகத்தில் பார்த்தால், புகைக்குழாயில் இருக்கும் ஏதோ ஒரு உணரிக்குப் போகும் வயரில் கோளாறு. மறுநாள் மெக்கானிக் வந்து, அந்த வயரின் இணைப்பு விட்டிருந்ததைச் சரிசெய்தார். கருவியில் ஒரு பொத்தானை அமுக்கினோம், விளக்கு அணைந்தது. அப்புறமும் நம்பாமல் மாமா தினம் சாயங்காலம் பத்தமடை வரை ஓட்டிப் போய், எரியாத விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

வளைகாப்பு அன்று மாமா வெள்ளை வேட்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி இரண்டு கை நிறைய வளையலோடு முன்னால் குனிந்து, விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள். எரியவில்லை. அப்பாவின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு ஏறினாள், தலையணையில் சாய்ந்துகொண்டாள். அத்தை அவள் பக்கத்தில். முன் சீட்டு காலியாக இருந்தது. நான் கோடு ரீடரை நெஞ்சோடு அணைத்தபடி கதவைத் திறந்து, வழியில் திரும்ப எரிந்தால் பானட்டைத் திறந்து நானே பார்த்துவிடுவேன், முன்னால் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

“நீங்க பஸ்ஸுல வாங்க.”