துவைக்காத கம்பளி

பாற்கடலில் கண்வளரும் பரனே, பிழை பொறுக்கும் பெருமானே, நான் மறைத்ததை மறையாது எழுத என் கைக்கு வலிமை தா.

இன்று கார்த்திகை மாதத்து வளர்பிறை ஏகாதசி. உபவாச நாளில் பொய் எழுத வராது என்று இந்நன்னாளைத் தேர்ந்தேன்.

அமெரிக்காவில், பார்சிப்பனி என்னும் ஊரில் மகன் வீட்டில் வசிக்கிறேன். சென்ற குளிர்காலத்தில் பேரனுக்கு மூன்று மாதம். புதிது புதிதாக வாங்கிக் குவிப்பது பூமிக்குப் பாரம் என்பது மருமகளின் கொள்கை. பழைய கம்பளி உடுப்புகளை வெட்டிக் குழந்தைக்குத் தைப்பாள். பழம்பொருள் கடையிலிருந்து சாம்பல்நிற ஸ்வெட்டர் ஒன்றைக் கொண்டுவந்தாள். எவரோ வெந்நீரில் போட்டுச் சுருங்கச் செய்தது. சுருங்கிய கம்பளியை வெட்டினாலும் இழை பிரியாது. அதனால் அவளுக்கு அது உகந்தது.

"ஹாட் வாஷ்ல ஒரு தடவை போட்டுடுங்க மாமா. யார் போட்டிருந்தாங்களோ."

பருத்தியை நனைத்து உலர்த்தினால்தான் மடி, அதாவது ஆசாரத்துக்கு உகந்த சுத்தம். கம்பளி எப்போதும் மடி, அதற்குத் தீட்டில்லை என்பது எங்கள் வழக்கம். அதை எல்லா உடுப்பும் புரளும் மெஷினில் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. பெருமாள் தீர்த்தத்தைத் தெளித்துச் சன்னல் வெயிலில் அரைமணி விரித்துவைத்தேன்.

மாலையில், "போட்டாச்சா மாமா?" என்றாள்.

"ஆயிற்றம்மா" என்றேன்.

அவள் தைத்த கால்சட்டையை அணிந்த நான்காம் நாள், குழந்தையின் தொடைகளில் செந்தடிப்பு எழுந்தது. டாக்டர் களிம்பு கொடுத்து, பாலூட்டும் தாயின் சாப்பாட்டிலோ, சோப்பிலோ புதிதாக ஏதேனும் உண்டா என்று வினவினார். மருமகள் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். கரப்பான் பண்டமென்று கத்தரிக்காயை விட்டாள், வேர்க்கடலையை விட்டாள், பிறகு தயிரையும் விட்டாள்.

"விடறதுக்கு இன்னும் தண்ணி ஒண்ணுதான் பாக்கி. ஏகாதசிக்கு அப்பாவையே மிஞ்சிடுவ" என்று மகன் கேலி செய்தான். அவள் சிரிக்கவில்லை. வெறும் ரசஞ்சாதம் பிசைந்துகொண்டிருந்தவளுக்கு எதிரே அமர்ந்து நான் தயிர்சாதம் உண்டேன். அந்தக் கவளங்களை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

காலையில் பாசுரம் சேவிக்கையில், பிழை பொறுக்க இறைஞ்சும் இடங்களில் நா தடுமாறிற்று. பெருமாளிடம் சொல்வது எளிதாயிருந்தது. சமையலறைக்குப் போய்ச் சொல்வதுதான் எளிதாயில்லை.

ஒரு வாரம் இப்படிக் கழிந்தபின், புட்டிப்பால் டப்பாவோடு கடையிலிருந்து வந்தாள்.

"என் பால்தான் அவனுக்கு ஒத்துக்கலை மாமா. இன்னையோட நிறுத்திடறேன்" என்று கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"நிறுத்தாதேயம்மா. தீட்டில்லையென்று அந்தக் கம்பளியை நான் துவைக்கவில்லை. பொய் சொன்னேன்."

டப்பாவை மேசைமேல் வைத்தாள். "தீட்டு இல்லேன்னா அழுக்கும் இல்லையா மாமா?" அவ்வளவுதான் கேட்டாள். குழந்தையை எடுத்துக்கொண்டு அறைக்குள் சென்று பாலூட்டினாள்.

கால்சட்டையைக் கழற்றிய ஐந்தாறு நாளில் தடிப்பு அடங்கியது. கம்பளிதான் காரணமா என்பதை டாக்டராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. பொய் என்னுடையது என்பதில் ஐயமில்லை. இப்போது வரும் ஸ்வெட்டர்களை அவளே துவைக்கிறாள். நான் கேட்டாலும் தருவதில்லை.

இதைப் படிக்கும் அனைவரின் இல்லங்களிலும் மழலைகள் மேனி நோகாது வளர்க. தாய்மார் வீண்பழி சுமவாதிருக்க. உங்கள் நாவில் மெய் நிலைக்க, திருவருள் துணை நிற்க.