முழங்காலுக்கு வைத்த நேர்த்தி

இருந்த இடத்தை விட்டு ஒருவர் போவதை நான் குறை சொல்லமாட்டேன். நாங்களே சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு அப்படி வந்தவர்கள்தான். ஆனால் அந்தப் பெடியன் போய்ச் சேர்ந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஓங்காளம் வருகிறது.

பெடியன் என்று நான் சொல்வது எங்கள் ரொறொன்ரோ பாஸ்கற்போல் அணியில் ஆடிய பெரிய ஆட்டக்காரரை. சொந்தமில்லை, பந்தமில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இங்கிலீசு வராது. நாலு பேர் கூடினால் தமிழும் வராது. ரொறொன்ரோவில் மில்லிக்கன் பக்கம் மகளின் வீட்டு பேஸ்மென்ரில் நானும் இவரும் இருக்கிறோம். இவர் என்றால் என் மனுசன். வேறு விதமாக அவரைச் சொல்லிப் பழக்கமில்லை. இவர் ரீவியில் மட்ச் பார்ப்பார், நான் பக்கத்தில் வெங்காயம் உரிப்பேன். அப்படிப் பார்த்துத்தான் எனக்கும் பிடித்தது. பந்து வளையத்துக்குள் விழுந்தால் விழுந்ததுதான், அதற்கு மொழி வேண்டாம்.

ஒரு குளிர்காலத்தில் அவர் எகிறிக் குதித்து, விழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டார். அவ்வளவு பெரிய உருவம் துவாயால் முகத்தை மூடி அழுதது. எனக்கும் ஒரு முழங்காலை வெட்டித் தைத்திருக்கிறார்கள். அந்த நோவு என்னவென்று எனக்குத் தெரியும். “பிள்ளையாரே, இந்தப் பிள்ளை திரும்ப ஓடி விளையாடினால் உன்ரை தேருக்கு அடியழிப்பன்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அடியழிப்பது என்றால் தேருக்குப் பின்னால் பெண்கள் விழுந்து கும்பிட்டு, எழும்பி, கை தொட்ட இடம்வரை நடந்து, அங்கே மறுபடி விழுந்து கும்பிட்டு, இப்படியே வீதி முழுக்கச் சுற்றி வருவது. அதுவும் ஊர்ச் சனம் முழுவதும் பார்க்க.

“உமக்கென்ன விசரே?” என்றார் இவர். “பெத்த பிள்ளைக்குக்கூட உந்த நேர்த்தி வைக்கேல்லையே!”

கால் சுகமாகிவிட்டது. அடுத்த குளிர்காலத்தில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து இவர் கதிரையை விட்டு எழும்பி நின்றார். ஆனால் கோடை தொடங்க முன்னம், முந்தின வருசம் கப் வென்ற அணி எங்களை அடித்து வெளியே அனுப்பியது. அன்றைக்கு அவர் மைக்கைப் பிடித்துச் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள். இந்தச் சனத்துக்கு ஒரு கப் வென்று தராமல் ஓயமாட்டாராம். நான் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தேன். அதை நினைக்கத்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கோடையில் அவருடைய கொன்றாக்ற், அதுதான் ஒப்பந்தம், முடிந்தது. அது முடிந்தால் விரும்பிய அணிக்குப் போகலாமாம். ஒரு நாள் மகள் போனோடு கீழே இறங்கி வந்தாள்.

“அம்மா, உங்கட ஆள் வெளிக்கிட்டிட்டார்.”

“எங்கை?”

எங்களை அடித்த அதே அணிக்கு. அங்கே ஏற்கனவே இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள். மகள் போனில் காட்டிய படத்தில் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் புதுச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். வாய் நிறையப் பல்.

“சம்பளம் கூடவோ?” என்று கேட்டேன்.

“இல்லையம்மா, குறைவு. அவருக்குக் கப் வேணுமாம்.”

காசுக்குப் போயிருந்தால் மனம் ஆறியிருக்கும். காசில்லாமல் பட்ட பாடு எனக்குத் தெரியும். இது அதுவல்ல. வயிறு புடைக்கத் தின்றவர்களின் பந்தியில் இன்னொரு இலையைப் போட்டுக்கொண்டு உட்காருகிற வேலை.

“முன்னூற்றிநாலு விளையாடேக்கை துரும்பு முழுக்க ஒருத்தன்ரை கையிலை குடுத்தால் உது விளையாட்டே?” என்று இவர் சத்தம் போட்டார். சீட்டாட்டம்தான் இவருக்கு எல்லாவற்றுக்கும் அளவுகோல். “உதிலை வெல்லக் கெட்டித்தனம் வேணுமோ? நித்திரை கொண்டாலும் வெல்லலாம்.”

“அப்பா, இட்ஸ் ஹிஸ் ரைற், அது அவரின்ரை உரிமை” என்றாள் மகள். “நல்ல கொம்பனி கூப்பிட்டால் நானும் போவன்தானே? நீங்களும் ஊரை விட்டிட்டு வந்த ஆக்கள்தானே?”

நான் வழக்கமாக வாய் திறப்பதில்லை. அன்றைக்குத் திறந்தேன். “நாங்கள் அடி தாங்கேலாமல் ஓடி வந்தனாங்கள். அடிச்சவன்ரை பந்தியிலை போய்க் குந்தேல்லை.”

மகளோ, “அப்பா, அம்மா கதைக்கிறா! ரெக்கோட் பண்ணுங்கோ!” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையார் கோயில் தேர்த் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது.

“நேர்த்தியை விட்டிடும்” என்றார் இவர். “நடந்தது பிள்ளையாருக்கும் தெரியும்.” மகளோ, குந்தி எழும்பக் கூடாது என்று டொக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினாள். விடத்தான் எனக்கும் ஆசை. அவனுக்காகத் தாரில் நெற்றியை வைப்பதை நினைக்கவே உடம்பு கூசியது. ஆனால் கேட்டது கிடைத்த பிறகு சொன்னதைச் செய்யாமல் போனால் அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இன்னொன்றும் இருந்தது. நேர்த்தி வைத்த ஆளை, அது தீரும்வரை வாயால் வையமாட்டேன். வைய வேண்டியதோ தொண்டைவரை நின்றது.

தேரன்று, தேர் சுற்றும் கோயில் கார்ப் பார்க்கில் தார் கொதித்தது. பெடியன்கள் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டு போனார்கள். நான் யார் முகத்தையும் பார்க்காமல் விழுந்து எழும்பினேன். பக்கத்தில் அடியழித்து வந்த பெண் பேச்சுக் கொடுத்தாள்.

“அன்ரி, ஆருக்கு நேர்த்தி?”

“ஒரு பெடியனுக்கு. கால் ஏலாமல் கிடந்தவர்.”

“இப்ப சுகமோ?”

“நல்ல சுகம். நல்லா ஓடுறார்.”

“உங்களோடையே இருக்கிறார்?”

“இல்லை. போயிட்டார்.”

“பிள்ளையள் உப்பிடித்தான், அன்ரி” என்று என் முதுகைத் தடவினாள். நான் அடுத்த அடிக்கு விழுந்து கும்பிட்டேன்.

தெற்கு வீதியில் கால் மரத்தது. கூட நடந்து வந்த இவர், “காணும், இவ்வளவும் போதும், எழும்பும்” என்று கெஞ்சினார். நான் நிறுத்தவில்லை. அவன் நன்றாக இருக்கவேண்டும் என்று ஒரு தடவைகூடக் கும்பிடவில்லை. தருவதாகச் சொன்னதைத் தருகிறேன், எடுத்துக்கொள் பிள்ளையாரே என்று மட்டும் சொன்னேன். தேர் சுற்றி முடித்து இருப்புக்கு வந்தபோது நெற்றியில் குறுணிக்கல் ஒட்டியிருந்தது. இவர் துவாயால் துடைத்துவிட்டார்.

இலை கொட்டி முடிந்த பிறகு அவனுடைய புது அணி ரொறொன்ரோவுக்கு ஆட வந்தது. ரீவியில், பந்து அவன் கைக்குப் போகும்போதெல்லாம் அரங்கம் முழுக்க ஏளனமாகக் கூ அடித்தது. எனக்கு மனம் நொந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, இவர் றிமோற்றை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

“கூட்டுங்கோ” என்றேன்.

கூட்டினார். நானும் கூ அடித்தேன். எனக்குள் இவ்வளவு சத்தம் இருக்கும் என்று எனக்கே தெரியாது. மகள் படியில் தடதடவென்று ஓடி வந்தாள், நான் விழுந்துவிட்டேனாக்கும் என்று.

“அம்மா! என்ன நடந்தது?”

பதில் சொல்ல நேரமில்லை. பந்து மறுபடி அவன் கைக்குப் போயிருந்தது.