ஜிலேபியின் விரதம்

என் மகன் தன் வீட்டுத் தொட்டியில் ஆப்பிரிக்க சிக்லிட் மீன்களை வளர்க்கிறான். பில்டரிலிருந்து தண்ணீர் விழும் சத்தம், ஸ்ரீரங்கத்தில் அம்மா ஜாடிக்குத் தண்ணீர் வடிகட்டிய சத்தம் போலவே இருந்தது.

ஐம்பதுகளின் கடைசி. அம்மாவின் தம்பி ஊரிலிருந்து வந்தவர், "ஜிலேபி கொண்டு வந்திருக்கேன், அக்கா" என்று தூக்குச்சட்டியை நீட்டினார். ஆசையாகத் திறந்த அம்மாவின் முகத்தில் தண்ணீர் தெறித்தது; உள்ளே மீன்கள் துள்ளின. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அந்த மீன்களுக்குப் பெயரே ஜிலேபிதானாம்.

"நம்மாத்துல மீனா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட அம்மாதான், பிறகு தினமும் காவிரித் தண்ணீரை அப்பாவின் பழைய வேட்டியில் வடிகட்டிக் கண்ணாடி ஜாடியில் ஊற்றினாள்.

ஒரு நாள் பெரிய மீன் சாதப் பருக்கையைத் தொடவில்லை. "இன்னிக்கு ஏகாதசின்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு பாரேன்" என்று அம்மா பூரித்துப்போனாள். மறுநாள், விரதம் முடிக்கும் பாரணைச் சாப்பாட்டில் தான் கை வைக்குமுன் ஜாடியருகே போனாள்.

"துவாதசி வந்துடுத்துடி. வாயைத் திற."

அது திறக்கவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் இல்லை. அம்மாவுக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகொரு காலையில் அது வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து கடுகு கடுகாகக் குஞ்சுகள் நீந்தி வந்தன. அம்மா ஜாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

"இத்தனையையும் வாயில வெச்சுண்டிருக்கிறவளை, சாப்பிடு சாப்பிடுன்னு படுத்தியிருக்கேனே" என்றாள்.

"அந்த நீல மீன் கொஞ்ச நாளா சாப்பிடலைம்மா. மருந்து ஊத்தட்டுமா?" என்றான் மகன், தன் தொட்டியைக் காட்டி.

குனிந்து பார்த்தேன். தாடை உப்பியிருந்தது.

"வேண்டாம்டா, விரதம். பாரணைக்குக் கூட்டமா வருவா."