மேரிசெலினின்ர துருக்கி இடியன்

டென்மார்க்கில எங்கட ஹேர்னிங் ஊரில மேரிசெலினைப் பற்றி ஆரும் ஏதும் சொன்னால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். "கல்நெஞ்சுக்காரி, தம்பி செத்த நேரம் துவக்குத் துடைச்சவள்" எண்டு இண்டைக்கும் கதைக்கிற ஆக்கள் இருக்கினம். கதைக்கட்டும். ஆனால் நடந்ததை முழுசாய்க் கேட்டிட்டுக் கதைக்கட்டும்.

அவளுக்குத் தளபாடத் தொழிற்சாலையில வேலை. அடிபட்டு வாற மேசை கதிரையைத் திருத்துற பகுதி. முறிஞ்ச மரத்தைக் கண்டால் அவளின்ர கை சும்மா கிடவாது. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு தை மாசம் ஒரு லொப்பமாக்கெட்டில, அதுதான் பழைய சாமான் சந்தையில, ஒரு துருக்கித் துவக்கைக் கண்டு வாங்கிக்கொண்டு வந்திட்டாள். நீட்டுக் குழல். ஐஞ்சு பட்டையாய்ச் செதுக்கின மரப்பிடி, அது முழுக்க எலும்பும் பித்தளையும் பதிச்ச பூவேலை. பிடி கழுத்தடியில முறிஞ்சு, எலும்புத் துண்டுகள் பாதி கொட்டுண்டு போச்சு. வாய்ப்பக்கத்தால வெடிமருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற சாதி. வன்னியில எங்கட ஆக்கள் காட்டுப்பண்டி சுட வைச்சிருக்கிற இடியன் துவக்குக்கு இது பெரியப்பா முறை.

"உனக்கென்ன விசரே? சனம் அங்க சாகுது, நீ துவக்கு வாங்கிக்கொண்டு வாறாய்" எண்டு புருசன் பீற்றர் குதிச்சார்.

"இஞ்சேருங்கோ, நான் சுடவே வாங்கினனான்? முறிஞ்சு கிடக்கு, பொருத்தப் போறன்."

அந்தாள் பொலிசில கேட்டு, இவ்வளவு பழசைச் சுடாமல் வைச்சிருக்கலாம் எண்டு தெரிஞ்ச பிறகுதான் மூச்சு விட்டார்.

முதல் வேலையாய் அவள் ஒரு மெல்லிய கம்பியைக் குழலுக்குள்ள விட்டாள். வன்னியில தகப்பனும் தம்பியும் இடியனைக் கையில எடுத்தால் அதைத்தான் முதல் செய்வினம். கம்பி அடிமட்டும் போகோணும். ஒரு சாண் முன்னுக்கே நிண்டிட்டுது. உள்ளுக்கு மருந்து கிடக்கு! பீற்றர் செருப்பும் போடாமல் வளவுக்கு ஓடினார். அவள் குழலை நிமித்தி வைச்சுத் தண்ணி விட்டு ஊறப்போட்டு, திருகாணி முனைக் கம்பியால உக்கின சீலையையும் ஈயக் குண்டையும் கறுத்த சேத்தையும் இழுத்தெடுத்தாள்.

"வித்தவன் வெறுங்குழல் எண்டான், நான் வந்து சொல்ல நீங்களும் ஓமெண்டியள். ஆரும் உள்ளுக்குப் பார்த்தனீங்களே?" எண்டு மனிசனைப் பேசினாளே ஒரு பேச்சு!

அவளின்ர ஒரே தம்பி கிறிஸ்துராஜா அப்ப முள்ளிவாய்க்கால் பக்கம் மாட்டுப்பட்டிருந்தான். என்ர சின்னக்காவும் அங்கதான். சித்திரையோட ரெண்டு பேற்றை போன் கதையும் நிண்டு போச்சு. சண்டை முடிஞ்சுதெண்டு ரீவியில சொன்ன கிழமை கோல்டிங் நகரத்துத் தமிழாக்களிட்டை இருந்து ஒரு கதை வந்தது. கிறிஸ்துராஜா இருந்த பங்கருக்கு மேல ஷெல் விழுந்ததாம். ஆர் கண்டது? கண்டவரைத் தெரிஞ்ச ஒருத்தர் சொன்னவராம்.

எங்கட தமிழ்ச் சங்கத் தலைவர் செல்வரட்ணம் அண்ணையோட நாங்கள் கொஞ்சப் பேர் மேரிசெலின் வீட்டுக்குப் போனம். செத்தவீட்டில அடுப்பு மூட்டுறேல்லை எண்டு சோறு, கத்தரிக்காய்க் கறி, பெரிய பிளாஸ்க்கில பால் விடாத பிளேன்ரீ எல்லாம் நாங்களே கொண்டுபோனம். கதவைத் திறந்தால் வீடு முழுக்க எலும்பு அவியிற மணம். இறைச்சிக் கடையில மாட்டெலும்பு வாங்கி, துவக்குப் பிடியில பதிக்கிறதுக்குக் கொழுப்புப் போக அவிச்சுக்கொண்டு நிக்கிறாள்!

"பிள்ளை, செத்தவீட்டில எலும்பு அவிக்கிறியே?" எண்டார் செல்வரட்ணம் அண்ணை.

"இது செத்தவீடு இல்லை அண்ணை. உள்ளுக்கு வாங்கோ, இருங்கோ. அழுறதெண்டால் மட்டும் வராதேங்கோ."

"மனசைத் தேற்று பிள்ளை. படம் ஒண்டு தா, அஞ்சலிக்கு வைக்கோணும்."

"நீங்கள் கண்டனீங்களே?"

"எல்லாச் சனமும் சொல்லுது."

"சொல்லட்டும். கண்ட ஒருத்தரைக் கொண்டு வாங்கோ, இந்த நிலத்தில விழுந்து புரண்டு அழுறன். அதுமட்டும் என்ர தம்பிக்கு ஒருத்தரும் மெழுகுதிரி கொளுத்தக் கூடாது!"

பீற்றர் மூலைக்குள்ள இருந்து விக்கி விக்கி அழுதார். பிறகு நாங்கள் போகேக்க, அவளுக்குத் தெரியாமல் கிறிஸ்துராஜாவின்ர படத்தைச் செல்வரட்ணம் அண்ணையின்ர கையில வைச்சதும் அவர்தான்.

எங்கட பிளேன்ரீயை ஒருத்தரும் குடிக்கேல்லை. அவள் அதைக் கோப்பையில ஊத்தி, முதலே அரிஞ்சு வைச்ச எலும்புத் துண்டுகளை அதுக்குள்ள போட்டாள். புது எலும்பு வெள்ளை, பழசு மஞ்சள், சாயம் ஏற வேணுமாம். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"என்ன பொம்பிளையடி நீ?" எண்டு கத்தினன்.

"விமலராணி, கையைச் சும்மா வைச்சிருந்தால் நீங்கள் சொல்லுறதை நானும் நம்பிப் போடுவன். எனக்குப் பயமாயிருக்கு, என்னை விடு" எண்டாள். துண்டுகளைப் பிரட்டிக்கொண்டே இருந்தாள்.

அதுக்குப் பிறகு வேலை முடிஞ்சு வந்தால் அதே வேலைதான். பிடிக்கு உள்ளால மரமுளை அடிச்சு ஒட்டினாள். எலும்பை ஒவ்வொண்டாய் அரத்தால ராவிப் பதிச்சாள். குழலுக்கு எண்ணெய் மட்டும்தான், "மினுக்கிவிடன்" எண்ட பீற்றருக்கு, பழமையின்ர நிறம் போயிடுமெண்டு நல்ல ஏச்சு. ஆனி மாசம் பார்த்தால் முறிஞ்ச இடம் எதெண்டு தடவித்தான் தெரிஞ்சுது. சனம் அவளோட கதைக்கிறதை விட்டிட்டுது. அவளும் ஒருத்தரையும் கெஞ்சேல்லை.

முப்பத்தொராம் நாள் எண்டு பள்ளிக்கூட மண்டபத்தில அஞ்சலி வைச்சம். மேசையில படங்கள், படத்துக்கு மாலை, முன்னால மெழுகுதிரி. மேரிசெலினுக்குச் சொல்லேல்லை. எப்பிடியோ அறிஞ்சு வந்தாள், அரக்குச் சிவப்புச் சீலையோட. நேரே மேசைக்குப் போய் கிறிஸ்துராஜாவின்ர படத்தை எடுத்து, மாலையைக் கழட்டி மேசையில வைச்சாள்.

"பிள்ளை, சனத்தின்ர மனசைக் குழப்பாதை" எண்டார் செல்வரட்ணம் அண்ணை.

"குழம்பட்டும் அண்ணை. என்ர தம்பியைச் சாக்காட்ட நீங்கள் ஆர்?"

படத்தை நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு நடந்தாள். பீற்றர் தலையைக் குனிஞ்சுகொண்டு பின்னால போனார்.

மேசையில ரெண்டாவது வரிசைப் படத்தில என்ர சின்னக்கா சிரிச்சுக்கொண்டு இருந்தா. அந்தப் படத்தை நான்தான் குடுத்தனான். எழும்பினன். என்ர மனிசன் என்ர சீலையைப் பிடிச்சு இழுத்தார், தட்டிவிட்டிட்டுப் போய்ப் படத்தை எடுத்தன்.

"விமலராணி, அவ உயிரோட இருக்கிறா எண்டு உனக்கு ஆர் சொன்னது?" எண்டார் செல்வரட்ணம் அண்ணை.

"செத்திட்டா எண்டு உங்களுக்கு ஆர் அண்ணை சொன்னது?"

படத்தில கிடந்த மாலையைக் கழட்டி அவரின்ர கையில குடுத்திட்டு வெளிய நடந்தன்.

கிறிஸ்துராஜா இன்னும் வரேல்லை. சின்னக்காவும் வரேல்லை. செத்ததைக் கண்டனான் எண்டு சொல்லவும் இண்டைவரைக்கும் ஒருத்தரும் வரேல்லை. சின்னக்காவின்ர படம் எங்கட வீட்டுச் சுவரில இருக்கு. ஆரும் வந்து பாருங்கோ, தேத்தண்ணி தாறன். மாலையோட மட்டும் என்ர வாசல்படி மிதிக்காதேங்கோ.