ஒரு ஜோடி பூட்ஸும் இரண்டு பேர் காலும்

எங்கள் சாயப்பட்டறையில் ஒரு மெஷினுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்தான். என் மெஷின் பகலில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் அந்த பூட்ஸ் எனக்கு மட்டும் சொந்தமாக இருந்தது. தை மாதம் ஆர்டர் கூடியதும் இரவு ஷிப்டுக்கு ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒருவரைச் சேர்த்தார்கள். என்னைவிடப் பத்து வயது இளையவர். காலை எட்டு மணிக்கு அவர் கழற்றி வைத்த பூட்ஸுக்குள், அவர் காலின் சூடு ஆறுவதற்குள், நான் காலை விட வேண்டும். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நான் ஒரு சந்தேகப் பிராணி. பால்காரர் ஊற்றிவிட்டுப் போகும் பாலை மோந்து பார்க்காமல் காய்ச்ச விடமாட்டேன். "உங்களுக்கு உங்க நெழல் மேலயே சந்தேகந்தானுங்க" என்று என் மனைவி கேலி செய்வாள். அவர் வந்த இரண்டாவது வாரம் பூட்ஸுக்குள் கசக்கிய செய்தித்தாள் திணித்திருந்தது. எதை மறைக்கப் பார்க்கிறார் என்று யோசித்தேன். தாளை எடுத்து விரித்து, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். லேசான ஈரத்தைத் தவிர அதில் ஒன்றுமில்லை. அப்படியும் என் மனம் ஆறவில்லை.

சாயத்தில் நிற்பவனுக்குத் தன் கால் நகத்தின் நிறம் தெரியாது. பூட்ஸுக்குள் இறங்கும் தண்ணீர் ஒரு வாரம் நீலம், மறு வாரம் கருப்பு. எவ்வளவு தேய்த்தாலும் நகத்தில் பிடித்த சாயம் போகாது. அதனால் நாங்கள் யாரும் நகத்தைப் பார்ப்பதே இல்லை. அந்தப் பங்குனியில் தொடர்ந்து ஒரு மாதம் வெள்ளைத் துணி ஆர்டர். ப்ளீச்சிங் மட்டுமே நடந்தது. நகத்தில் இருந்த சாயமெல்லாம் கழன்ற பிறகு ஒரு நாள் குளிக்கும்போது குனிந்து பார்த்தேன். வலது கால் கட்டைவிரல் நகம் மஞ்சளாய்த் தடித்து, ஓரம் மாவு மாதிரி உதிர்ந்தது. சொத்தை.

யாரிடமிருந்து வந்தது என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. மறுநாள் அரை மணி நேரம் முன்னதாகப் போய், அவர் குழாயடியில் கால் கழுவுவதை மறைந்து நின்று பார்த்தேன். அவருடைய கட்டைவிரல் நகத்தின் ஓரத்திலும் நெல் அளவுக்கு மஞ்சள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டது போல் இருந்தது எனக்கு. நேராக சூப்பர்வைசரிடம் போய், இவரிடமிருந்துதான் எனக்கு ஒட்டியது என்று என் நகத்தைக் காட்டினேன்.

சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் அவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி நகத்தைப் பார்த்தார். கொண்டுவந்தவர் இங்கேயே இருந்தால் மற்றவர்களுக்கும் தொற்றிவிடும், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். என்னைக் களிம்பு வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னதோடு சரி. இங்கே வரும்போது தன் கால் நன்றாகத்தான் இருந்தது என்று அவர் மெதுவாகச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன். பொய் என்று நினைத்தேன்.

மெடிக்கலில் சொல்லி வாங்கிய களிம்பு இரண்டு டியூப் தீர்ந்தும் நகம் அப்படியே இருந்தது. பிறகுதான் தோல் டாக்டரிடம் போனேன். எத்தனை நாளாக இருக்கிறது என்று அந்த அம்மா கேட்டார். நான்கு மாதம், கூட வேலை செய்தவரிடமிருந்து ஒட்டியது என்றேன். அவர் நகத்தை அழுத்திப் பார்த்தார். கால் விரல் இடுக்கில் எப்போதாவது புண் வந்ததா என்றார். போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் சேற்றுப்புண் வந்தது, மஞ்சள் அரைத்துப் பூசி அப்படியே விட்டுவிட்டேன் என்றேன்.

"அதுதானுங்க நகத்துக்கு ஏறியிருக்கு. கால் நகம் வளர்றதே மெதுவா. நுனியில இருந்து வேர் வரைக்கும் இப்படித் தடிக்கணும்னா வருசம் தாண்டியிருக்கணும். நாலு மாசத்துல ஆகறது இல்லீங்க இது."

அவரையும் நான் நம்பவில்லை. நகத்தைச் சுரண்டிக் கொடுத்து டெஸ்ட் எடுத்தேன். சேற்றுப்புண்ணில் வரும் அதே பூஞ்சை என்றே வந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஈரக்காலோடு பூட்ஸ் போடாதீர்கள், விரல் இடுக்கைத் துடைத்துக் காயவிடுங்கள், தினமும் சாக்ஸ் மாற்றுங்கள், நகவெட்டியை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்றார். புது நகம் முழுதாக வர ஒரு வருஷம் ஆகும், அதுவரை தண்ணீரில் நிற்காமல் இருந்தால் நல்லது என்றும் சொன்னார். எழுந்து வரும்போது, பூட்ஸுக்குள் செய்தித்தாளைத் திணித்து வைத்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்றார்.

பஸ்ஸில் விரல் விட்டு எண்ணினேன். எப்படி எண்ணினாலும், அவர் வருவதற்கு முன்பே என் நகம் கெட்டிருந்தது. சாயம் அதை மூடியிருந்தது. நான்தான் அவருக்குக் கொடுத்திருக்கிறேன். வெட்கத்தில் நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் அவர் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனேன். எந்தப் பட்டறையிலும் சேர்க்காததால் நூல் குடோனில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்; அன்று லீவு. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடங்கிவிட்டார்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. என்னால உங்களுக்கும் ஒட்டிக்கிருச்சு."

டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். எங்கிட்ட இருந்துதானுங்க தம்பி உங்களுக்கு வந்தது என்றேன். வாங்கி வந்த மருந்தைக் கட்டில்மேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. வெகுநேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத சூப்பர்வைசர்ட்ட சொல்லுவீங்களா?"

நாளைக்குக் காலையில் போனதும் முதல் வேலையாகச் சொல்கிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்வதில் அவருக்கு நம்பிக்கையில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

"இப்பவே போன் போடுங்கண்ணே. ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டேன். சூப்பர்வைசர் எடுத்தார். சேற்றுப்புண்ணிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரிங்க. அப்ப அவர நாளைக்கு வரச் சொல்லுங்க. நீங்க நகம் நல்லானதுக்கு அப்புறம் வாங்க."